பழுப்புக் கொழுப்பும் அரிசிம்பருப்பும்

பல்லடம் பக்கத்தில் ஒரு கோழித் தீவன ஆலையில் எனக்கு வேலை. கறிக்கோழி எந்த வாரத்தில் எதைத் தின்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான். மக்காச்சோளம் இவ்வளவு, சோயா புண்ணாக்கு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. அப்படியும் குறைகிற அமினோ அமிலங்களை மூட்டையில் வாங்கிக் கலக்க வேண்டும். லைசின், மெத்தியோனின், திரியோனின், வாலின். புரதம் ஒரு மாலை என்றால் அமினோ அமிலங்கள் அதில் கோத்த மணிகள், ஒரு வகை மணி தீர்ந்துபோனாலும் அதற்குமேல் மாலை நீளாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன். இருபது வருடமாக இதே உதாரணம்தான். கேட்கிறவர்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, தலையை ஆட்டுவார்கள்.

என் மகளுக்கு ஆறு வயது. மூன்று அமினோ அமிலங்களை அவள் உடம்பால் எரிக்க முடியாது. லூசின், ஐசோலூசின், வாலின். இந்த மூன்றையும் உடைக்கும் ஒரு என்சைம் அவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. எரியாதது ரத்தத்தில் சேரும். அதில் லூசின் சேர்ந்தால் மூளை வீங்கும். அதனால் சோறு, காய், பால் எல்லாம் அவளுக்குத் தராசில் நிறுத்துத்தான். இந்த மூன்றும் நீக்கிய ஒரு மருந்து மாவைக் கரைத்து ஒரு நாளைக்கு நான்கு முறை குடிக்கிறாள். பருப்பு, முட்டை, கறி எதுவும் கிடையாது. ஆலையில் கோழிக்கு டன் கணக்கில் கொட்டுவதை வீட்டில் என் பிள்ளைக்கு மில்லிகிராம் கணக்கில் மறுப்பதுதான் என் பிழைப்பு.

அவள் பிறந்த நான்காம் நாள் அவள் நனைத்த துணியில் இருந்து இனிப்பாக ஒரு வாசம் வந்தது. எங்கள் பக்கம் கரும்புப்பால் காய்ச்சுகிற கொட்டகை வழியாகப் போனால் வருமே, அதே வாசம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் பிள்ளையை மோந்து பார்த்தார்கள். “சர்க்கரைப் பாகாட்ட மணக்குதுங், லச்சுமி வந்துருக்கறா” என்று ஒரு பெரியம்மா சொன்னாள். எனக்கும் பெருமைதான். வேறு ஊராக இருந்திருந்தால் இதென்ன வாசம் என்று யாராவது மிரண்டிருப்பார்கள். நாங்கள் சர்க்கரை காய்ச்சுகிற சனம், சந்தோஷப்பட்டோம். ஆறாம் நாள் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. எட்டாம் நாள் உடம்பு வில்லாக வளைந்தது.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா அந்தத் துணியை மோந்து பார்த்துவிட்டு, “சொந்தத்துலயாங்க கட்டுனீங்க?” என்று கேட்டார். என் மனைவி என் தாய்மாமன் மகள். உரிமைப்பெண் என்று பிறந்த அன்றைக்கே பேசி வைத்தது. எங்கள் இருவரிடமும் அதே பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது, பிள்ளைக்கு இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து உயிரோடு வந்தாள். தாமதமாக நடந்தாள், தாமதமாகப் பேசினாள், இப்போது வாயாடி. இனிமேல் ஒருமுறை லூசின் ஏறி மூளை அடிபட்டால் இப்போது இருக்கிற பிள்ளை திரும்பக் கிடைப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அதை அவர் சொன்ன குரலிலேயே நானும் என் மனைவியும் மனதில் வைத்திருக்கிறோம்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை விரல் நுனியில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு வைத்து, காயவைத்து, கூரியரில் அனுப்புவோம். முடிவு வந்ததும் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்புவார். அந்த எண் வருகிறவரை நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். ஆலையில் எல்லோருக்கும் தெரியும். “இன்னிக்கு சாருக்கு நம்பர் வரலீங்க” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள்.

போன கோடையில்தான் பழுப்புக் கொழுப்பு என் தலைக்குள் புகுந்தது. வாலின் பற்றி ஏதோ தேடப்போய், கோழியிலிருந்து மனிதனுக்குத் தாவிவிட்டேன். நம் உடம்பில் சேர்த்து வைக்கிற கொழுப்பு வெள்ளை. அதுபோக கொஞ்சம் பழுப்பு நிறக் கொழுப்பும் உண்டு. அது சேர்த்து வைக்காது, எரிக்கும். பிறந்த குழந்தைக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவில் நிறைய இருக்கும், நடுங்கத் தெரியாத பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது அதுதான். வளர வளரக் குறையும். ஆனாலும் பெரியவர்களில் பல பேருக்குக் கழுத்திலும் காறை எலும்பின் மேலும் மிச்சம் இருக்கிறது. குளிர் பட்டால் அது விழித்துக்கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சூடு உண்டாக்கும். இதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த வரியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளிரில் பழுப்புக் கொழுப்பு ரத்தத்தில் இருந்து மூன்று அமினோ அமிலங்களையும் இழுத்து எரிக்கிறதாம். லூசின், ஐசோலூசின், வாலின்.

அதே மூன்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உலகத்தில் இருக்கிற அமினோ அமிலங்களில் என் மகள் எரிக்க முடியாத அதே மூன்றையும் எரிக்க, அவள் கழுத்திலேயே ஒரு அடுப்பு இருக்கிறது, அதைப் பற்றவைக்கக் கொஞ்சம் குளிர் போதும் என்று புரிந்துகொண்டேன். தப்பாகப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

எங்கள் தொழிலில் புதிதாக ஒன்று தோன்றினால் ஒரு ஷெட்டில் போட்டுப் பார்ப்போம். பக்கத்து ஷெட்டில் பழைய தீவனம், இந்த ஷெட்டில் புதிது. வாரம் ஒருமுறை எடை. எடை நன்றாக வந்தால் அடுத்த லோடிலேயே ஃபார்முலாவை மாற்றிவிடுவோம், காத்துக்கொண்டிருக்க மாட்டோம். கோழியின் ஆயுசே ஆறு வாரம். பழைய தீவன ஷெட் இல்லாமல் எடையை மட்டும் கொண்டுவந்து நீட்டுகிற ஆட்களை நான் கண்டபடி பேசியிருக்கிறேன். “இது தீவனத்துல வந்த எடையா, ஊதக்காத்துல வந்த எடையா, எப்படிறா எனக்குத் தெரியும்?” என்று கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், டாக்டரிடமும் சொல்லாமல், ஒரே ஒரு பிள்ளையை வைத்துச் சோதனையைத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடம் லீவு. ஆலை வீட்டிலிருந்து கால் மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் மகளைப் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஏசியைப் பத்தொன்பதில் வைப்பேன். மெல்லிய பாவாடை மட்டும்தான் அவளுக்கு. அவள் படம் வரைவாள், நான் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இரண்டு மணிக்கு ஆலைக்குத் திரும்பும்போது, “நாலு மணி வரைக்கும் ஏசியில கை வெக்காத” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

“எதுக்குங்க? புள்ளை கால் சில்லுனு இருக்குதுங்” என்றாள் முதல் நாள்.

பழுப்புக் கொழுப்பைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். மாலையும் மணியும் வந்தன. அவளும் தலையை ஆட்டினாள்.

“டாக்டரம்மாளக் கேட்டுப்போட்டீங்களா?”

“கேக்கறேன், கேக்கறேன். ஒரு நம்பர் வரட்டும்.”

நம்பர் வந்தது. லூசின் இறங்கியிருந்தது. அடுத்த பதினைந்து நாளில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆறு வருடத்தில் அவ்வளவு நல்ல எண்ணை நாங்கள் பார்த்ததில்லை. உணவு ஆலோசகர், “ரொம்ப நல்லா வந்திருக்குங்க சார், இன்னொரு தடவ பாத்துட்டு புரத அளவைக் கொஞ்சம் கூட்டலாமான்னு டாக்டர்கிட்ட பேசறேன்” என்று குரல்பதிவாக அனுப்பியிருந்தார். அந்தக் குரலை ஆலை வாசலில் நின்று நான்கு முறை கேட்டேன். அன்றைக்குத் தீவனம் ஏற்றுகிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

இன்னொரு தடவை பார்த்துவிட்டு என்றுதான் அவர் சொன்னார். நான்தான் அடுத்த லோடிலேயே ஃபார்முலாவை மாற்றுகிற ஆளாயிற்றே.

எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்பு சாதம் செய்யாத வீடு இருக்காது. அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், வரமிளகாய் எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே நெய் விட்டால் வேறொன்றும் வேண்டாம். கடலையெண்ணெய் விட்டாலும் சரி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் அதுதான், காய்ச்சலில் கிடப்பவனுக்கும் அதுதான். அந்தச் சாதம் வீட்டில் செய்கிற நாளில் என் மனைவி அதை எனக்குத் தட்டில் போட்டு அறைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் பங்கைச் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பாள். மகள் கேட்டதில்லை. அது அப்பா சாதம், தன்னுடையது வேறு சாதம் என்று அவளுக்குப் பழக்கம். அவளுக்கு அதன் ருசி தெரியாது. தெரியாததைக் கேட்கிற பிள்ளை இல்லை அவள்.

நம்பர் வந்த மறுநாள், ஏசிக் குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு, என் தட்டில் இருந்து அவளுக்கு ஒரு வாய் கொடுத்தேன்.

வாய்க்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். துப்பப் போகிறாள் என்று கையை நீட்டினேன். மென்றாள். மெதுவாக விழுங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து காட்டினாள்.

“இன்னொன்னு, இன்னொன்னுங்ப்பா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆறு வருடத்தில் என் கையால் என் பிள்ளைக்கு நான் நிறுக்காமல் கொடுத்த முதல் சோறு அது. அன்றைக்கு மூன்று வாய். “அம்மாகிட்ட சொல்லக்கூடாது கண்ணு” என்றேன். அடுத்த வாரம் ஐந்து. வாரத்தில் நான்கு நாள் அரிசிம்பருப்பு வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். “என்னுங்க, இதுமேல இப்படி ஒரு ஆசை?” என்று சிரித்துக்கொண்டே செய்து போட்டாள். கணக்குப் போடத் தெரிந்தவன்தானே நான், கணக்கும் போட்டு வைத்திருந்தேன். இவ்வளவு குளிருக்கு இவ்வளவு லூசின் எரியும் என்று நானே ஒரு வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாய்ப்பாடு.

மூன்றாவது வாரம், அடுத்த ரத்தப் பொட்டின் எண் வருவதற்கு முன்பே, அவளுக்குச் சளி பிடித்தது. ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போன இடத்தில் மூக்கு ஒழுகிய பிள்ளைகளோடு விளையாடி வந்தாள். இரண்டு நாள் மருந்து மாவைச் சரியாகக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கட்டிலில் இருந்து இறங்கியவள் கதவுக்குப் போகாமல் சுவருக்குப் போனாள். கால் பின்னியது. கூப்பிட்டால் திரும்பினாள், ஆனால் என்னைத் தாண்டி எதையோ பார்த்தாள். தூக்கினேன். அவள் கழுத்தில் சர்க்கரைப் பாகு வாசம்.

கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரம். காரை நான் ஓட்டினேன். என் மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே வந்தாள். சூலூரைத் தாண்டியதும் மகள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸும் கொழுப்பும் ஏற்றினார்கள். சோறு இறங்காதபோது உடம்பு தன் தசையையே உடைத்துத் தின்னத் தொடங்கும், அப்போது அதில் இருக்கிற லூசின் ரத்தத்துக்கு வரும், அதைத் தடுக்க வேண்டும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“சளிக்கு இவ்வளவு ஏறாதுங்க. வீட்டுல ஏதாவது மாத்துனீங்களா?”

“இல்லீங்க டாக்டர், எல்லாம் நிறுத்துத்தான் குடுக்கறேன்” என்றாள் என் மனைவி. அவள் சொன்னது முழு உண்மை.

அந்த நேரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பழுப்புக் கொழுப்பு, ஏசி, பருப்பு, என் வாய்ப்பாடு எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு என்றதும் என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “நீங்க படிச்சது சரிதாங்க” என்றார். “பழுப்புக் கொழுப்பு இந்த மூணையும் உள்ள இழுக்கும். ஆனா இழுத்து எதை வெச்சு எரிக்கும்? அதே என்சைம்தாங்க வேணும். அது உங்க பாப்பாவுக்கு ஈரல்லயும் இல்ல, தசையிலயும் இல்ல, அந்தக் கொழுப்புலயும் இருக்காது. உடம்புல எல்லா இடத்துக்கும் ஒரே மரபணுதானே?” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “குளிர்ல விட்டா சூடு உண்டாக்க உடம்புக்கு இன்னும் செலவுங்க. சாப்பிடாத பிள்ளைக்கு அது வேற கேடு” என்றார்.

இருபது வருடமாக மணி, மாலை என்று ஊருக்குப் பாடம் நடத்துகிறவனுக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை. கோழிக்குஞ்சு வந்திறங்கினால் முதல் வாரம் முழுக்க அதன் மேல் சூடு போடச் சொல்கிறவன் நான். பறவைக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது, சூடு இல்லாவிட்டால் தின்னாமல் சாகும் என்று சொல்லிச் சொல்லி ஆட்களைக் காலையில் எழுப்பியிருக்கிறேன். பிறத்தியார் குஞ்சுக்குச் சூடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் பிள்ளைக்குக் குளிர் போட்டேன்.

“அப்ப அந்த ரெண்டு நம்பரும் எப்படிங்க இறங்குச்சு?” என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

உணவு ஆலோசகர் பிள்ளையின் உயர அட்டையை எடுத்துக் காட்டினார். “இந்தக் கோடைல நல்லா வளர்ந்திருக்காங்க சார். வளர்ற உடம்பு புதுத் தசை கட்ட எடுத்துக்கும், ரத்தத்துல குறையும். அதனாலதான் புரதம் கொஞ்சம் கூட்டலாம்னு சொன்னேன்.” வேறு காரணமில்லை. பிள்ளை வளர்ந்திருக்கிறாள். தினமும் பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை.

நான்காம் நாள்தான் மகள் கண் விழித்து அம்மா என்று கூப்பிட்டாள். அதுவரை வராந்தா நாற்காலியில் என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பை இருந்தது. அன்றைக்கு அவளே பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“நீங்க வண்டிய எடுத்துட்டு முக்குத் திரும்புனதும் ஏசிய இருபத்தேழுல வெச்சுருவேனுங்க” என்றாள். “முதல் நாள்ல இருந்தே. புள்ளைக்கு சட்டையும் போட்டு உட்டுருவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சோதனையே நடக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூட அந்தப் பிள்ளை குளிரில் இருந்ததில்லை.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கலாமுங். நம்பர் வந்த அன்னைக்கு நீங்க பாட்டுப் பாடிட்டு ஊட்டுக்குள்ள வந்தீங்க. நாங் கேட்டதே இல்லைங்க நீங்க பாடி. அதையும் கெடுத்துப்போடோணுமான்னு உட்டுட்டேன்.” பிறகு, “ஏசி ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியுமுங். நீங்க பருப்புக் குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே” என்றாள். அப்போதுதான் அழுதாள். பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடந்த மூன்று நாளும் அவள் அழவில்லை.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடை நேராகிவிட்டது. எழுத்துகளில் இரண்டு மூன்றை மறந்திருந்தாள், ஒரு மாதத்தில் அவையும் வந்துவிட்டன. தப்பித்துவிட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். ஏசி ரிமோட் இப்போது என் மனைவியின் பீரோவில் இருக்கிறது. அதை நான் கேட்பதில்லை.

ஆனால் பிள்ளை கேட்கிறாள். ஊசியையும் ஆஸ்பத்திரியையும் மறந்துவிட்டாள், அதை மறக்கவில்லை. மதியம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மஞ்ச சாதம்?” என்பாள். எங்கள் வீட்டில் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டோம். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம் வந்தாலும் ஜன்னலுக்கு ஓடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஜவ்வரிசியை வாங்கி ஊறவைத்தாள். அதில் புரதம் ஏறக்குறைய இல்லை, மகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், வரமிளகாய் என்று ஒன்று விடாமல் போட்டுக் குழைய வேகவைத்து, மேலே கடலையெண்ணெய் விட்டாள். நிறமும் அதேதான், வாசமும் ஏறக்குறைய அதேதான். மூன்று பேருக்கும் தட்டு வைத்து, முதல் முறையாக மூன்று பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட உட்கார்ந்தோம்.

மகள் ஒரு வாய் வைத்தாள். அசையாமல் இருந்தாள். மென்று, மெதுவாக விழுங்கினாள்.

“நல்லா இருக்குதுங்ம்மா” என்றாள். பிறகு அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து, என் காதுக்கருகில் வந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே ரகசியக் குரலில் சொன்னாள்:

“இது அது இல்லீங்ப்பா.”